ரேடியோவைக் கொஞ்சம் திருப்பு... மேட்ச் கேட்கணும்!

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோடும் மதுரவாயல் பைபாஸும் சந்திக்கிற இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்காருங்கள். (உட்கார இடம் இருந்தால்!) சேப்பாக்கத்தில் இந்தியா ஆடுகிற நாளாகப் பார்த்து ஏறுவது உத்தமம். டிரைவர் அண்ணன் எஃப்.எம். வைத்திருப்பார். அதில் ஒரு பெண் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருப்பார். 'செம மேட்ச் போயிட்டிருக்கு மக்களே... மூணு விக்கெட் காலி!' என்பார். யார் அவுட், எப்படி அவுட், அடுத்து இறங்குவது யார்? ம்ஹும். ஸ்டேஷன் பெயரை இரண்டு தடவை, நம்பரை மூன்று தடவை சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுவார். அடுத்த ஸ்டேஷனுக்குத் திருப்பினால் அங்கேயும் அதே மூணு விக்கெட். சில நாள் அதே பாட்டு!

'இவ்வளவு ஸ்டேஷன் இருக்கே... ஒருத்தராவது மேட்சைப் பந்து பந்தா சொல்லக் கூடாதாய்யா?' என்று பின் ஸீட்டில் யாராவது அலுத்துக்கொள்வார்.

நியாயமான கேள்வி. பதில்தான் இரண்டு. பெரிய மேட்ச் எஃப்.எம்.மில் வராததற்குக் காரணம் டெல்லியில் இருக்கிறது. நம்ம ஊர் ஏரிக்கரை மேட்ச் வராததற்குக் காரணம் டெல்லி இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் டிரான்ஸிஸ்டர்.

1986 செப்டம்பர் 22. திங்கட்கிழமை. சேப்பாக்கம் டெஸ்ட்டின் கடைசி நாள். மெட்ராஸ் ஆபீஸ்களில் அன்றைக்கு மத்தியானம் எத்தனை ஃபைல் நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முதல் இன்னிங்ஸில் டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டுப் போயிருந்தார். இந்தியாவுக்கு வேண்டியது 348. கடைசி ஓவர், ஐந்தாவது பந்து, கிரெக் மேத்யூஸ் போட, மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ! ஸ்கோர் 347. டை! டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது டை. டி.வி. இல்லாத ஆபீஸ்களில் அதைக் கொண்டுவந்து சேர்த்தது ரெக்கார்டு ரூம் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ஒரு பெட்டிதான். மேனேஜர் வந்தால் அணைக்க வேண்டும். மேனேஜரே 'ஸ்கோர் என்னப்பா?' என்று கேட்டால் சத்தம் கூட்ட வேண்டும்.

அந்தப் பெட்டியை வைத்துக்கொள்வதே ஒரு கலை. உள்ளே கறுப்பாக, சாக்பீஸ் மாதிரி ஒரு ஃபெரைட் குச்சி இருக்கும். மேலே செப்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். மீடியம் வேவைப் பிடிக்கிற ஏரியல் அதுதான். அதன் பக்கவாட்டு ஸ்டேஷனைப் பார்த்தால் நன்றாகக் கேட்கும். அதன் முனை ஸ்டேஷனைப் பார்த்தால் சத்தம் செத்துப்போகும். ஆபீஸ் பியூனுக்கு இந்த பிஸிக்ஸ் தெரியாது. ஆனால், 'ரேடியோவை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பு... இன்னும் கொஞ்சம்... போதும், ஆட்டாதே!' என்று அவர் சொன்னது சுத்தமான பிஸிக்ஸ். இரண்டு ஸ்டேஷன் கலந்து அடித்தால், வேண்டாத ஸ்டேஷன் பக்கம் குச்சியின் முனையைக் காட்டினால் போதும். அது அடங்கிவிடும். (கட்சி மீட்டிங் ஸ்பீக்கருக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!)

தாம்பரம் லைன்காரர்களுக்கு இன்னொரு இம்சை உண்டு. 1931-லேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டது. பெருமைதான். ஆனால் மேலே கம்பியில் பொறி பறக்கும்போதெல்லாம் மீடியம் வேவில் 'கர்ர்ர்ர்' என்று அரைபடும். பந்து போடுகிறார்... 'கர்ர்ர்'... கூட்டம் ஆர்ப்பரிக்கிறது... 'கர்ர்ர்'. அவுட்டா, சிக்ஸரா? பல்லாவரத்தில் எழுந்த சந்தேகம் குரோம்பேட்டையில்தான் தீரும்.

ராத்திரியானால் வேறு கூத்து. பகலில் வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று மீடியம் வேவை உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் போனதும் அந்த அடுக்கும் போய்விடும். சிக்னல் மேலே போய் மோதித் தொலைதூரத்தில் வந்து இறங்கும். அதனால்தான் பகலில் காணாமல் போயிருந்த தூரத்து ஸ்டேஷனெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குச் சொந்தக்காரர் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்மவர் ஒருவர், அயலார் ஒருவர், நடுவில் விசில் ஒன்று. மூவரும் சேர்ந்து கச்சேரி!

இத்தனை இரைச்சலையும் தாண்டி ஒரு குரல் வந்தது என்றால் அந்தக் குரலில் விஷயம் இருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எவ்வளவு உயரம் போகிறது, சூரியன் யார் கண்ணில் அடிக்கிறது என்று எல்லாமே தமிழில், பந்தின் வேகத்துக்கே வந்து விழும். டி.வி. வர்ணனையாளர் சும்மா இருந்தாலும் மேட்ச் நடக்கும். ரேடியோக்காரர் வாயை மூடினால் மேட்சே நின்றுவிட்டது! கண் தெரியாத ஒரு ரசிகருக்கு இன்றைக்கும் அதுதான் நிலைமை. வாட்ச்மேனுக்கும், ராத்திரி லாரி ஓட்டுகிறவருக்கும்கூட.

ஒரே நம்பர், இரண்டு வீடு

எஃப்.எம்.மில் கலப்படம் வேறு தினுசு. அங்கே இரண்டு ஸ்டேஷன் ஒரே நம்பரில் மோதினால் இரண்டும் கலந்து கேட்காது. எது கொஞ்சம் பலமோ அதுவே முழுசாக ஜெயிக்கும். மற்றது வாயைப் பொத்திக்கொள்ளும். நம்ம ஊர் பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் மாதிரி. பாதிப் பாதி கிடையாது.

அதனால் ஒரே ஊருக்குள் தனியார் ஸ்டேஷன்களுக்கு 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு நம்பர் கொடுத்தார்கள். 91.1, 92.7, 93.5 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும். ஆனால் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகிற சமுதாய வானொலிக்கு ஒதுக்கிய நம்பர்கள் கொஞ்சம்தான். ஆகவே ஒன்றையே பலருக்குக் கொடுத்தார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 90.4. இந்தியாவிலேயே முதல் கல்லூரி வளாக சமுதாய வானொலி அது. 2004 பிப்ரவரி 1-ல் ஆரம்பித்தது. அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மின் 'முத்துச்சரம்'. அதுவும் 90.4! இரண்டுக்கும் கிட்டத்தட்ட நட்ட நடுவில் எந்த ஊர் வருகிறது என்கிறீர்கள்? நம்ம இரும்புலியூர்தான்.

பயப்பட வேண்டாம், அடிதடி இல்லை. இவர்களுக்கு அனுமதித்த சக்தி வெறும் 100 வாட். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு அளவு! எட்டுவது ஐந்து முதல் பத்து கிலோமீட்டர். கிண்டிக் குரல் நம்மை எட்டும் முன்னே களைத்துவிடும். காட்டாங்கொளத்தூர் குரலும் வண்டலூர் வாக்கில் மூச்சு வாங்கும். ஆக, இரண்டு 90.4-க்கும் நடுவில் இருந்துகொண்டு ஒரு 90.4-ஐயும் ஒழுங்காகக் கேட்க முடியாத பாக்கியம் நமக்கு. இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் பொதுவான ஆளுக்கு எந்தப் பந்தியிலும் இலை போடாத கதை.

பேரைச் சொல்லவா...

நம்பர் பொருந்தியாச்சு என்றால் அடுத்தது பெயர். ரேடியோவில் முகம் கிடையாது, கடை போர்டு கிடையாது. பெயரும் நம்பரும்தான் சொத்து. ஆட்டோவில் அந்தப் பெண் ஏன் ஐந்து தடவை சொன்னார் என்று இப்போது புரிகிறதா?

இருபத்து நாலு மணி நேரமும் விளையாட்டே பேசுகிற ஸ்டேஷனை நியூயார்க்கில் 1987 ஜூலை 1-ல் ஆரம்பித்தார்கள். பெயர் 'தி ஃபேன்'. ரசிகன்! ஜோராக ஓடியது. பிறகு டொரன்டோவிலும் ஒரு 'ஃபேன்', டென்வரிலும் ஒரு 'ஃபேன்'. ஊருக்கு ஊர் தூரம் இருப்பதால் ரசிகர்கள் குழம்பவில்லை. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. இலங்கையில் 1998-லிருந்து ஒரு சூரியன் எஃப்.எம்.; சென்னையில் 2003-ல் வந்த 93.5-ம் சூரியன் எஃப்.எம்.! இரண்டும் வேறு வேறு கம்பெனி. நடுவில் கடல் இருக்கிறது. ஆனால் எஃப்.எம். அலைக்குக் கடல் ஒரு தடையா என்ன? ராமேஸ்வரம் பக்கம் இலங்கை எஃப்.எம். சர்வ சாதாரணமாகக் கேட்கும்.

பெயர்ச் சண்டையில் நம் அரசாங்க ரேடியோவையும் விட்டுவிட முடியாது. 'ஆகாசவாணி' என்பது மைசூரில் பேராசிரியர் கோபாலசாமி 1935-ல் வீட்டிலேயே ஆரம்பித்த ஸ்டேஷனின் பெயர். பிறகு அதை அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 'வானொலி இருக்க ஆகாசவாணி எதற்கு?' என்று எழுந்த குரல் வெகு காலமாக அடங்கவில்லை. 2023 மே மாதம் 'ஆல் இந்தியா ரேடியோ என்பதை விடுங்கள், இனி எங்கும் ஆகாசவாணிதான்' என்று பிரசார் பாரதி சொன்னபோது மறுபடி கிளம்பியது. கோர்ட்டுக்குப் போகாத பிராண்ட் தகராறு இது. ஆனால் கோர்ட்டுக்குப் போன பலவற்றைவிட ஆயுசு அதிகம்.

கோர்ட்டுக்குப் போனதில் எனக்குப் பிடித்தது லண்டன் கேஸ். 2000-ல் யூரோ கால்பந்து. ரேடியோ உரிமை பி.பி.ஸி.யிடம். போட்டியாக 'டாக்ஸ்போர்ட்' என்கிற ஸ்டேஷன். அவர்களுக்கு மைதானத்தில் இடமில்லை. என்ன செய்தார்கள்? ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஹோட்டல் ரூம் போட்டு, டி.வி.யைப் பார்த்தே கமென்ட்ரி கொடுத்தார்கள். பின்னணியில் ரெக்கார்டு செய்த கூட்டத்தின் ஆரவாரம்! கேட்கிறவன் மைதானம் என்றே நினைப்பான். பி.பி.ஸி. கொதித்துப்போய், 'எங்கள் சரக்கு மாதிரி வேஷம் போட்டு விற்கிறார்கள்' என்று வழக்குப் போட்டது. நீதிபதி தடை விதிக்க மறுத்துவிட்டார். 'நேரடி' என்று சொல்லிக்கொள்ள மாட்டோம் என்று டாக்ஸ்போர்ட் ஒப்புக்கொண்டதோடு சரி. சத்தியமாக, பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ரயிலில் நாம் கேட்ட கமென்ட்ரியைவிட அது தெளிவாக இருந்திருக்கும்.

அதற்கும் முன்னால் சிட்னியில் ஒரு அசகாய சூரர். விக்டோரியா பார்க் குதிரைப் பந்தய மைதானத்துக்கு எதிர் வீட்டுக்காரர், பெயர் டெய்லர். தன் வீட்டு முன் புல்வெளியில் உயரமாக மேடை கட்டினார். ரேடியோ ஸ்டேஷன் ஆள் ஒருவர் அதில் ஏறி நின்று, மதில் தாண்டிப் பார்த்து, எந்தக் குதிரை முந்துகிறது என்று மைக்கில் சொன்னார். காசு கொடுத்து உள்ளே போக வேண்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பந்தயக் கம்பெனி ஆஸ்திரேலிய உயர்மன்றம் வரை போனது. 1937-ல் தீர்ப்பு: மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் டெய்லர் ஜெயித்தார். கண்ணுக்குத் தெரிகிற காட்சி யாருக்கும் சொத்து இல்லை. பார்க்கக் கூடாதென்றால் மதிலை உயர்த்திக் கட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் சாரம். மொட்டை மாடி வைத்திருக்கும் இரும்புலியூர்வாசிகள் குறித்துக்கொள்ளவும்.

உடனே சேப்பாக்கம் பக்கம் மாடி தேடிக் கிளம்பிவிடாதீர்கள். இந்தியாவில் கதை வேறு. அதுதான் நான் சொன்ன டெல்லி காரணம்.

1993-ல் ஹீரோ கப். வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்க, தூர்தர்ஷன் முறைத்துக்கொள்ள, விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்பு வந்தது. 'அலைவரிசை பொதுச் சொத்து. அரசாங்கத்தின் ஏகபோகம் இல்லை.' தனியார் எஃப்.எம்.மெல்லாம் தலை தூக்க அது ஒரு பலம். ஒரு கிரிக்கெட் சண்டையிலிருந்துதான் இந்திய வானமே திறந்தது! ஆனால் பாருங்கள் வேடிக்கையை... திறந்த வானத்தில் கிரிக்கெட்டுக்கு மட்டும் இடமில்லை. தனியார் எஃப்.எம். செய்தி சொல்லக் கூடாது, பெரிய மேட்ச்சை நேரடியாகத் தரக் கூடாது.

2007 ஜனவரியில் இன்னொரு கலாட்டா. இந்தியா – வெஸ்ட் இண்டீஸ் மேட்ச்சை உரிமை வாங்கிய கம்பெனி தூர்தர்ஷனுக்குத் தர மாட்டேன் என்றது. வழக்கு, வாதம், கடைசியில் ஏழு நிமிஷம் தாமதமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று கோர்ட் சமாதானம் செய்தது. ஏழு நிமிஷம்! பக்கத்து கேபிள் வீட்டில் 'ஹோ' என்று கத்தி, அவர்கள் காபி போட்டுக் குடித்து முடித்த பிறகு நம் வீட்டில் விக்கெட் விழும். அதே வருஷம் சட்டமே வந்துவிட்டது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த மேட்ச் என்றால் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆக வேண்டும். விளம்பர வருமானத்தில் டி.வி.க்கு உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. ரேடியோவுக்குப் பாதிப் பாதி. ஆக, பெரிய மேட்ச்சின் குரல் அரசாங்க ரேடியோவில்தான். ஷேர் ஆட்டோ பெண்ணைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஸ்கோர் சொல்லலாம், கமென்ட்ரி கூடாது. அவர் கையைக் கட்டி மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் 2011-ல் வந்த தனியார் எஃப்.எம். விதிகளில் ஒரு வரி இருக்கிறது. யாரும் அதிகம் பேசாத வரி. விளையாட்டுத் தகவல் சொல்லலாம், நேரடி ஒலிபரப்பு கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் 'உள்ளூர் விளையாட்டுகளுக்கு நேரடி வர்ணனை தரலாம்' என்கிறார்கள். சமுதாய வானொலிக்கும் இதே சலுகை உண்டு. அதாவது இந்தியா – ஆஸ்திரேலியா கூடாது. இரும்புலியூர் – பெருங்களத்தூர் தாராளமாகக் கூடும்!

அப்புறம் ஏன் கேட்க முடியவில்லை? தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நான் எந்த எஃப்.எம்.மிலும் ஒரு ஏரியா ஃபைனலைப் பந்து பந்தாகக் கேட்டதில்லை. பாட்டுப் போட்டால் விளம்பரம் வரும் என்ற சௌகரியம்தான் காரணம் என்பது என் எண்ணம். சென்னை முழுக்க விளம்பரம் விற்கிறவருக்கு ஏரிக்கரை டோர்னமென்ட் கண்ணுக்குத் தெரியாது. 100 வாட் ஸ்டேஷனுக்கு மட்டும் அதுவே அளவான சட்டை. கேட்கிற அத்தனை பேருக்கும் அந்த ஓப்பனிங் பேட்ஸ்மேனை நேரில் தெரியும், அவன் அப்பாவையும் தெரியும்!

ஆபீஸ் மூளைக்குக் கணக்கு போட்டுக் காட்டினால்தானே திருப்தி? 2024 பிப்ரவரியில் அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் அறிவித்தார்கள். சமுதாய வானொலி ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷம் வரை விளம்பரம் போடலாம். முன்பு 7 நிமிஷம்தான். அரசு விளம்பரத்துக்கு 10 செகண்டுக்கு 74 ரூபாய், முன்பு 52. சரி, இருபது ஓவர் மேட்ச், இரண்டு பக்கமும் சேர்த்து 40 ஓவர். ஓவருக்கு ஓவர் 10 செகண்டில் ஒரே ஒரு விளம்பரம், அதே ரேட்டில் நம்ம மளிகைக் கடை, டியூஷன் சென்டர், டூ வீலர் மெக்கானிக் என்று வைத்துக்கொண்டால் 2,960 ரூபாய். கோடீஸ்வரனாக முடியாது. ஆனால் வர்ணனையாளர் தம்பிக்குப் பஸ் காசு, பிரியாணி, ஒரு நல்ல மைக்கின் முதல் தவணை எல்லாம் அதில் அடங்கும்.

தம்பிக்குப் பஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிரவுண்டுக்காவது போய் நில்லுங்கள். வேப்ப மரத்தில் ஒரு புனல் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பையன், மடியில் ஸ்கோர் நோட்டு, கையில் மைக். 'நம்ம ஏரியா சேவாக் இறங்கியிருக்கார்... போன மேட்ச் டக்கு, இந்த மேட்ச் லக்கு... ஏய், பவுண்டரி லைன்ல பைக்கை எடுப்பா!' என்று ஆரம்பித்தால் நாலு மணி நேரம் நிறுத்த மாட்டான். யார் எங்கே நிற்கிறார், காற்று எந்தப் பக்கம், எந்தப் பந்து பழசு என்று எல்லாம் சொல்வான். அவன் குரல் எட்டுகிற தூரம் சுமார் இருநூறு மீட்டர். அதற்கப்புறம் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி ஹாரன் ஜெயித்துவிடும். பலமான சிக்னல்தானே முழுசாக ஜெயிக்கும்?

போன மாதம் அப்படி ஒருவனிடம் 'ஏம்பா, ரேடியோவுல பேசுவியா?' என்று கேட்டேன். 'எந்த ஸ்டேஷன் சார்?' என்றான். நம்பரைக் கேட்கவில்லை, காசைக் கேட்கவில்லை. நான் யோசிப்பதற்குள் ஒரு விக்கெட் விழுந்தது. மைக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான்.